அப்பாவின் மாத்திரை

பட்டர்வொர்த்

அன்பு மகன் தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். தீபாவளிக்கு வந்துபோனதிலிருந்து உன் போனே இல்லை. வேலை இருக்கும், சரி.

அப்பாவுக்குக் கால் எரிச்சல் இப்போது பரவாயில்லை. டாக்டர் கபாபென்டின் என்கிற நரம்பு வலி மாத்திரையை ராத்திரிக்கு ஒன்று, 300 மில்லிகிராம் என்று ஆரம்பித்து மெதுவாகத்தான் கூட்டினார். அந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுமாம். ரத்தப் பரிசோதனை பார்த்து அவருக்கென்று போட்ட அளவு அது, இன்னொருத்தருக்குப் பொருந்தாது. சும்மா வீட்டுச் செய்தியாகத்தான் எழுதுகிறேன்.

மருந்துப் பெட்டியில் ஒரு மாத்திரை அட்டை குறைகிறது. அப்பா கேட்டார். நான்தான் எங்கேயோ வைத்துவிட்டேன் என்றேன்.

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? கிள்ளான் துறைமுகத்திலிருந்து ராத்திரியில் அவ்வளவு பெரிய லோரியை ஓட்டுகிற பிள்ளை என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். ஆனால் அந்த மாத்திரை போட்டால் அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது, நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார். மோட்டார் சைக்கிளைத் தொடவே கூடாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். தண்ணி போடுவது அறவே கூடாது. டிராமடோல் மாதிரி வலி மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாமாம். அமெரிக்காவில் 2019இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள், தங்கச்சி போனில் காட்டினாள். நீ சாப்பிடுகிற வலி மாத்திரைக்கு என்ன பெயர்? இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குகிற வலிக்குக் கபாபென்டின் பெரிதாகக் கேட்காது என்று மருந்தகத்துப் பெண்ணும் சொன்னாள். அப்பாவுக்குச் சர்க்கரையால் வந்தது, அது வேறு.

மறுபடியும் சொல்கிறேன், தண்ணி கூடாது. ஈப்போவில் நடந்ததற்குப் பிறகு விட்டுவிட்டேன் என்றாய், நம்பினேன். படித்த பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஒன்று, பல வாரமாகச் சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. பட்டென்று விட்டால் வேர்க்கும், தூக்கம் போகும், பதற்றம் வரும், வலிப்புகூட வரலாமாம். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும். காரணமில்லாமல் மனசு இருண்டாலோ, உயிரே வேண்டாம் என்று தோன்றினாலோ உடனே சொல்லணும் என்று மருந்தோடு வந்த காகிதத்தில் போட்டிருக்கிறது. ராத்திரி ரெண்டு மணியானாலும் நான் போனை எடுப்பேன்.

அத்தை மகளுக்கு நிச்சயமாகிவிட்டது. மற்றதெல்லாம் பிறகு.

இந்த வாரமே செந்தூல் கிளினிக்குக்குப் போ. எதைச் சாப்பிட்டாய், எத்தனை, கூட என்ன குடித்தாய் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லு. என்னிடம் சொல்ல வேண்டாம். அந்த அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டு.

அம்மா