ஸ்டாண்டையும் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்காட்சிகளில் வீடியோ கேம் அரங்கு அமைப்பது பற்றிய கட்டுரை படித்தேன். திரையைப் பற்றி அவ்வளவு எழுதியவர், அதைத் தாங்கும் ஸ்டாண்டை மறந்துவிட்டார்.

12 மி.மீ. பிளைவுட்டில் நானே ஒன்று செய்தேன். என் 24 அங்குல மானிட்டரின் முதுகில் 100 மி.மீ. இடைவெளியில் நான்கு துளைகள். அதை ஸ்டாண்டில் பொருத்த எம்4 (4 மி.மீ. தடிமன்) திருகு போதும். நீளமான திருகைப் போட்டு முறுக்கினால் உள்ளே குத்திவிடும். (முதல் மானிட்டர் அப்படித்தான் போனது.) மற்ற இணைப்புகளில் ஆணி, பசை எதுவும் இல்லை. போல்ட்டும் விங் நட்டும்தான் (இரு பக்கமும் இறக்கை உள்ள நட்டு), கையாலேயே கழற்றலாம்.

அப்புறம், அடிப்பலகை. ஆட்டச் சூட்டில் ஒரு பையன் கன்ட்ரோலரை வயரோடு வெடுக்கென்று இழுக்க, ஸ்டாண்டே முன்னால் சாய்ந்தது. தாவிப் பிடித்தேன். இப்போது முன்கால்களை நீட்டிவிட்டேன். வயரையும் அடிப்பலகைக் கொக்கியில் ஒரு சுற்று சுற்றித்தான் வெளியே விடுகிறேன். எவ்வளவு இழுத்தாலும் கொக்கியோடு சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்