அந்தக் கவசத்துக்குள் இருந்தவர் குள்ளம் இல்லை

ஐரோப்பியக் கோட்டைகளையும் அருங்காட்சியகங்களையும் தமிழில் சுற்றிக்காட்டும் யூடியூப் நண்பர்களுக்கு,

வணக்கம். லண்டனையும் வியன்னாவையும் நேரில் பார்க்க வாய்க்காத என்னைப் போன்றவர்களுக்கு உங்கள் வீடியோக்கள் பெரிய வரம். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் இரும்புக் கவசத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "பாருங்க, என் தோள் உயரம்தான் இருக்கு, அந்தக் காலத்துல எல்லாருமே குள்ளம்" என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். தயவுசெய்து அந்த வரியை விட்டுவிடுங்கள். அது உண்மையில்லை, பார்க்கிற பிள்ளைகளோ அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

கவசம் ஒரே வார்ப்பாகச் செய்த கூடு அல்ல. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நகரும் தகடுகளை உள்பக்கம் தோல்வார்கள் பிடித்திருக்கும். வார்கள் மக்கிப்போன பிறகு, உள்ளே ஆளும் இல்லாமல் தாங்கியில் மாட்டினால், தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிக் கவசமே குறுகிவிடும். மார்புக்கவசம் இன்னும் ஏமாற்றும். நாம் பெல்ட் கட்டும் இடம்வரை அது வராது. வீரன் குனிய வேண்டும், குதிரைமேல் உட்கார வேண்டும். அதனால் விலாவுக்குக் கீழே இடை ஒடுங்கும் இடத்தோடு அதை முடித்துவிடுவார்கள். இது தெரியாமல் தன் உடம்போடு ஒப்பிட்டால் பையன் சைஸ் என்றுதான் தோன்றும்.

சில கவசங்கள் நிஜமாகவே பையன் சைஸ்தான். ஸ்பெயின் இளவரசர் லூயிஸுக்காக 1712-இல் செய்த கவசம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போது அவருக்குச் சுமார் 5 வயது. கவசத்தின் உயரம் 70 செ.மீ. சொச்சம். இப்படிப்பட்டவை தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் எளிது. பிள்ளை வளர்ந்ததும் அது யாருக்கும் உதவாது, அப்படியே பத்திரமாகக் கிடக்கும். பெரியவர்களின் கவசமோ கைமாறி, வெட்டித் திருத்தப்பட்டு, கடைசியில் பழைய இரும்பாகப் போகும். ஆக, இன்று மிஞ்சியிருப்பதை வைத்து ஊர் மக்கள் அத்தனை பேரின் உயரத்தையும் கணக்குப் போட முடியாது. சாதாரணப் படைவீரர்களின் கவசங்களை மொத்தமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆயுதக் கிடங்குக்குப் போங்கள். 1640-களில் கட்டிய கட்டடம், ஏறத்தாழ 32,000 பொருட்கள். அங்கிருந்து ஒரு நல்ல தமிழ் வீடியோ வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. லண்டன் கோபுரத்தில் 2 மீட்டரைத் தாண்டும் ஒரு கவசம் இருக்கிறது. ஜான் ஆஃப் கான்ட் என்ற இளவரசருடையது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அவர் இறந்தது 1399-இல். கவசமோ 1540 வாக்கில் ஜெர்மனியில் செய்தது. குள்ளக் கதையைப் போலவே இந்த ராட்சசக் கதையும் கவசத்தை மேலோட்டமாகப் பார்த்ததால் வந்ததுதான்.

கவசத்திலிருந்து உயரம் தெரியவே தெரியாதா என்றால், சிலவற்றில் தெரியும். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1520-இல் பிரான்ஸ் மன்னரோடு நடக்கவிருந்த போட்டிக்காக, குதிரையில்லாமல் தரையில் நின்று சண்டையிடும் கவசம் ஒன்று செய்யச் சொன்னார். தலை முதல் கால்வரை இடைவெளியே இல்லாமல் 200-க்கும் மேற்பட்ட தகடுகள். கடைசி நேரத்தில் போட்டி விதி மாறியதால் அதை அவர் அணியவில்லை. ஆனால் அது உடம்பையே அச்செடுத்தது போல இருப்பதால் அவர் 6 அடிக்கு மேல் என்பது தெளிவாகிறது.

மன்னர்கள் நன்றாகச் சாப்பிட்டவர்கள், அவர்களை விடுங்கள். 1461-இல் இங்கிலாந்தில் நடந்த டவ்டன் போரில் மடிந்தவர்களின் புதைகுழி ஒன்று 1996-இல் கிடைத்தது. அந்த எலும்புகள் காட்டும் சராசரி உயரம் சுமார் 171 செ.மீ. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் ஆட்களும் கிட்டத்தட்ட அதே உயரம். இது இன்றைய இந்திய ஆண்களின் சராசரியைவிடச் சில செ.மீ. அதிகம்! உங்கள் தோள் உயரம் என்று நீங்கள் சொன்னவர் நிமிர்ந்து நின்றால் உங்களை நேருக்கு நேர் பார்ப்பார்.

எனக்கு உண்மையில் ஆதங்கம் இதில்தான். பழங்காலம் என்றாலே குள்ளம், வரவர வளர்ந்தோம் என்று நினைத்துவிட்டால் முக்கியமான ஒரு வரலாறு மறைந்துபோகிறது. வட ஐரோப்பிய எலும்புகளை ஆராய்ந்த பொருளாதார வரலாற்றாளர் ரிச்சர்ட் ஸ்டெக்கல், இடைக்காலத்தின் தொடக்கத்தில் 173 செ.மீ. அளவில் இருந்த ஆண்களின் சராசரி, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் 167-க்கு இறங்கியதாகக் காட்டினார். குளிர் கூடிய காலநிலை, நெரிசலான நகரங்கள், பரவும் நோய்கள், ஏற்றத்தாழ்வு என்று பல காரணங்களை அவர் முன்வைக்கிறார். இன்று உலகிலேயே உயரமான நெதர்லாந்து ஆண்கள்கூட 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் 165 செ.மீ. அளவில்தான் இருந்தார்கள். சாப்பாடும் சுகாதாரமும் சரிந்தால் ஒரு நாட்டின் உயரமே சரியும். இதையும் சேர்த்துச் சொன்னால் கவசக் கூடம் இன்னும் சுவாரசியமாகத்தானே இருக்கும்?

அடுத்த முறை அந்தக் கூடத்துக்குள் போகும்போது கேமராவை மார்புக்கவசத்தின் கீழ்விளிம்புக்குக் கொண்டுபோய், அது எங்கே முடிகிறது என்று காட்டுங்கள். பெயர்ப்பலகையில் யாருடையது, எந்த வயதில் அணிந்தது என்று இருந்தால் வாசித்துச் சொல்லுங்கள். பழைய வீடியோக்களை நீக்க வேண்டாம், அவற்றின் கீழே இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும்.

அன்புடன்,
உங்கள் நேயர் ஒருவர்