டெல்டா வேட்பாளர்களுக்கு: மனம் மாறியதைச் சொல்லிவிட்டு வாக்குக் கேளுங்கள்

காவிரி டெல்டா தொகுதிகளில் வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும்,

வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடையில் 12 மா, அதாவது சுமார் நாலு ஏக்கர், சாகுபடி செய்கிறவள் நான். 5 மா சொந்தம், 7 மா கோயில் நிலக் குத்தகை. எந்தக் கட்சியிலும் இல்லை. போன வாரம் எங்கள் கடைத்தெருவில் ஒரு பேச்சைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்களில் ஒருவர் திறந்த வண்டியில் வந்தார். பெயர் சொல்லப் போவதில்லை. எங்கள் வடிவாய்க்காலில் கட்டிய குழாய்ப் பாலத்தைப் பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். "ஐயா, குழாய் வேண்டாம், தண்ணீர் தாராளமாகப் போகக் கண் விட்டுக் கட்டுங்கள் என்று அன்றைக்கே சொன்னவன் நான்தான்" என்றார் வேட்பாளர். கூட்டம் கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. அந்தப் பாலத்துக்குப் பூமிபூஜை போட்ட அன்று நானும் அங்கே நின்றேன். குழாய் போட்டால் மழைத் தண்ணீர் வடியாது என்று எங்கள் ஆட்கள் மன்றாடியபோது, "இன்ஜினியருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?" என்று மைக்கில் கேட்டவர் இவரேதான்.

அந்தப் பாலத்தால் நாங்கள் பட்டதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. நட்டு 20 நாள், பயிர் தூர் கட்டுகிற நேரம். மேலே இருக்கிற ஊர்களின் தண்ணீரெல்லாம் எங்கள் வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். முன்பு இரண்டு கண் வைத்த பழைய பாலம் இருந்தது. ஆள் குனிந்து உள்ளே போய் அடைப்பு எடுக்கலாம். இப்போது இரண்டு சிமெண்டுக் குழாய். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வந்து குழாய் வாயை அடைத்துக்கொண்டன. ராத்திரி பத்து மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் மார்பளவுத் தண்ணீரில் என் மகனும் இன்னும் நாலு பேரும் இறங்கி இழுத்தார்கள். ஒரு கத்தை இழுத்தால் அடுத்த கத்தை வந்து சொருகிக்கொண்டது. உறிஞ்சுகிற தண்ணீரில் ஒரு பையனின் கால் குழாய்க்குள் போய்விட்டது. கயிறு கட்டியிருந்ததால் பிழைத்தான். அதற்குப் பிறகு யாரையும் இறங்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஒன்பது நாள் பயிர் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்ததும் போய்ப் பிடித்துப் பார்த்தேன். இழுத்ததும் கையோடு வந்தது, அடியில் வேர் இல்லை. வயலே அழுகல் நாற்றம். நாற்று விலைக்கு வாங்கி 7 மாவில் மறுபடி நட்டேன். மீதி 5 மாவைத் தரிசாகப் போட்டேன். குத்தகை பாக்கி இன்னும் நிற்கிறது.

இத்தனைக்குப் பிறகும், அவர் மனம் மாறியதில் எனக்குக் கோபம் இல்லை. நல்லது என்றுதான் நினைக்கிறேன். மாறவே இல்லை என்று சொன்னாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "அன்றைக்குத் தவறாக நினைத்தேன், போன மழையில் நேரில் பார்த்தேன், இப்போது இப்படி நினைக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். உங்கள் எல்லோரிடமும் நான் கேட்பது இதுதான்: எதில் மனம் மாறினீர்கள், எதைப் பார்த்து மாறினீர்கள், இரண்டையும் சொல்லிவிட்டு வாக்குக் கேளுங்கள்.

மனம் மாறாமல் இங்கே ஒரு போகம் எடுக்க முடியாது. மேட்டூரை ஜூன் 12ல் திறப்பது வழக்கம். 2024ல் ஜூலை 28ல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்களுக்கு அந்த வருஷம் குறுவை இல்லை. தண்ணீர் சீக்கிரம் கடைமடைக்கு வந்தால் சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்தை விடுவோம், அது 155 நாள் பயிர். நாள் தள்ளிப்போனால் விதை வாங்கி வைத்திருந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு 135 நாளில் வருகிற ஆடுதுறை 46க்குப் போவோம். "போன மாசம் 1009 என்றாயே" என்று பக்கத்து வயல்காரர் கேட்டால் வெட்கப்பட மாட்டோம். தண்ணீர் வந்த தேதியைச் சொல்வோம்.

அரசியலிலும் அப்படிச் சொன்னவர்கள் இருந்திருக்கிறார்கள். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து எங்கள் பக்கம் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க வந்தவர் ராஜாஜி. 1938ல் முதலமைச்சராக இருந்து பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவரே. அதே மனிதர் பிற்காலத்தில் இந்தி மட்டும் ஆட்சிமொழியாவதை எதிர்த்து எழுதினார், மேடையேறிப் பேசினார். 1938ஐ எடுத்து நீட்டி ஏளனம் செய்வார்கள் என்று தெரிந்தேதான் பேசினார்.

அண்ணா இன்னும் பெரிய காரியம் செய்தார். திராவிட நாடு என்ற தனிநாட்டுக் கோரிக்கையின் மேலேயே கட்சியை வளர்த்தவர், சீனப் போர் வந்த பிறகு, 1963ல், அதைக் கைவிட்டார். பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொன்னார். எது மாறியது, எது மாறவில்லை என்று தொண்டனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாலு வருஷத்தில் மக்கள் அவரை ஆட்சியில் உட்கார வைத்தார்கள். பேச்சை மாற்றினால் ஓட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் 1963ஐயும் 1967ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மீத்தேன் விஷயம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூமிக்கு அடியிலிருந்து மீத்தேன் எரிவாயு எடுக்க 2011 ஜனவரியில் மன்னார்குடி வட்டாரத்துக்காக ஒப்பந்தம் கையெழுத்தானது. 2015ல் அதே திட்டத்துக்குத் தமிழக அரசே தடை சொன்னது. டெல்டாவில் இப்படிப்பட்ட புதுத் திட்டங்களைத் தடுக்க 2020ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. இடையில் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்து பேசிய இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் அந்தப் பிரச்சாரத்திலேயே கண்ணை மூடினார். இன்றைக்கு மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரும் டெல்டாவைக் காத்தது நான்தான் என்கிறார்கள். சட்டத்துக்கு முன்பே நடந்துகொண்டிருந்த திட்டங்களை அந்தச் சட்டம் தொடாது என்பதையும் அதே மேடையில் சொல்லுங்களேன்.

எதிர்க்கட்சியாக இருக்கும்போது கொள்முதல் நிலைய வாசலில் முளைத்த நெல்லைக் கையில் அள்ளிக் காட்டுகிறீர்கள். ஆளுங்கட்சியானதும் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது டெல்லி போட்ட விதி என்று விலகிக்கொள்கிறீர்கள். ஒரு கட்சித் துண்டை இறக்கிவைத்து இன்னொன்றைப் போட்டுக்கொள்ள ஒரு ராத்திரி போதுமாக இருக்கிறது. ஒரு பாலத்தைப் பற்றித் தவறாக நினைத்தேன் என்று சொல்லமட்டும் ஐந்து வருஷம் போதவில்லை.

கோபத்தில் பேச்சு எங்கேயோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்களில் பலர் என் மகன் வயதுக்காரர்கள்; வெயிலில் அலைகிறீர்கள் என்பதும் தெரியும். நான் மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். துண்டறிக்கையில் உங்கள் வாக்குறுதிகளுக்குக் கீழே நாலு வரி இடம் விடுங்கள். எதில் மனம் மாறினீர்கள், எதைப் பார்த்து மாறினீர்கள் என்று அதில் எழுதுங்கள்.

கடைத்தெருவில் பேசிய அந்தத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. பங்குனி மாசம், வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. செருப்பைக் கழற்றாமலேயே இறங்கிக் குழாய் வாயைப் பார்க்கலாம். போன மழையின் காட்டாமணக்கு இன்னும் அதில் சொருகிக்கொண்டு நிற்கிறது. பாலத்தை மாற்றுவதானால் ஆற்றில் தண்ணீர் விடுவதற்குள் வேலை முடிய வேண்டும். ஒரு நாள் காலையில் வாருங்கள். கைதட்டக் கூட்டம் வேண்டாம், இன்ஜினியரை மட்டும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருத்தி