அந்த வீட்டுக்கு உயில் எழுது, மக்களே

அன்புள்ள மகளுக்கு,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மார்த்தாண்டத்தில் மழை விடவில்லை, ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது. அண்ணன் சுகம். சரி, தாம்பரம் வீட்டுக்கு உயில் எழுதிவிட்டாயா?

இந்த வயதில் எதற்கு உயில் என்று கேட்காதே. அப்பா இல்லை, உனக்குப் பிள்ளைகளும் இல்லை. நீ எழுதி வைக்காவிட்டால், கிறிஸ்தவர்களான நமக்குள்ள இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி வீடு எனக்கும் அண்ணனுக்கும் சமபங்கு. உன்னோடு வீடு பார்த்து அலைந்து, இத்தனை வருஷமாகக் கூடவே இருக்கிற அந்தப் பிள்ளை வாரிசுப் பட்டியலிலேயே இல்லை. உனக்கு ஆபரேஷன் நடந்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் விடியவிடிய உட்கார்ந்திருந்தது அவள்தான். ஆனால் கையெழுத்துக்கு என்னைத்தான் தேடினார்கள். அவள் முகத்தை நான் பார்த்தேன்.

சொந்தக் காசில் வீடு வாங்கிய முதல் பெண்பிள்ளை நம் குடும்பத்தில் நீதான். சர்ச்சில் எல்லாரிடமும் சொன்னேன். பால்காய்ப்புக்குத்தான் என்னைக் கூப்பிடவில்லை.

என் அக்கா, உன் பெரியம்மை, சொத்தில் பங்கு கேட்டுப் பட்ட பாடு உனக்குத் தெரியும். 1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில், மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் தருவதாக வாய்ச்சொல் கொடுத்திருந்தாலே அதுவும் இல்லை. திருவிதாங்கூரோடு இருந்த நம் கன்னியாகுமரி 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இங்கே மாமன்மார் அதே கணக்கைத்தான் பேசினார்கள். கோட்டயத்து மேரி ராய் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்தச் சட்டம் 1951-லேயே செத்துவிட்டது என்று 1986-ல் தீர்ப்பு வந்தது. அந்தத் தைரியத்தில்தான் பெரியம்மை குழித்துறைக் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தாள். பெற்ற மகளைக் குடும்பத்தில் முழுசாகச் சேர்க்கவே அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்று இல்லை என்றது. இரண்டு பெண்பிள்ளைகளின் வழக்கு. ஒருத்தியை வீட்டார் பிடித்து வைத்திருந்தார்கள். பேப்பரில் வாசித்தேன். எதற்கு வாசித்தாய் என்று கேட்காதே. அந்த வீட்டார் மாதிரி நான் இல்லை, மக்களே. ஆனால் அந்தத் தீர்ப்பால் மட்டும் வீடு அவள் கைக்கு வராது. இரண்டு பெண்கள் கல்யாணம் செய்துகொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2023-லேயே மறுத்துவிட்டது. அதனால்தான் உயில், உயில் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பேங்கில் அவளை நாமினி போட்டாயிற்று என்று இருந்துவிடாதே. நாமினி பணத்தை வாங்கலாம், சொந்தமாகிவிடாது. உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். அவளைச் சாட்சி போட வைக்காதே, நமக்குள்ள சட்டத்தில் சாட்சி போட்டவருக்கு எழுதியது செல்லாது. என் பங்கு வேண்டாம் என்று நான் இப்போதே எழுதித் தரட்டுமா என்று வக்கீலிடம் கேட்டேன். நாளைக்கு வரப்போகிற பங்கை இன்றைக்கே விட்டுக்கொடுக்க முடியாதாம். நீதான் எழுத வேண்டும்.

அண்ணன் ஏதாவது கேட்டால் என்னிடம் பேசச் சொல். எழுதியதும் ஒரு வரி போடு. அந்தப் பிள்ளையின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது, அதையும் எழுது. தினமும் ஜெபத்தில் உன் பெயரோடு சொல்லவேண்டும்.

அம்மா