செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும், மாஸ்டர்களுக்கும், பெற்றோருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். போட்டிகளுக்குப் போன விவரமும் பதக்க விவரமும் பலகையில் ஒட்டியிருக்கிறது. எனக்குக் கொடுத்த நேரத்தை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்: கவட்டைப் பிடிப்பு, அதாவது தொடை இடுக்குச் சதையில் வரும் காயமும் வலியும்.

இந்த ஆண்டு ஜூடோவில் இருவர், மல்யுத்தத்தில் ஒருவர், கிக்பாக்ஸிங்கில் ஒருவர் எனத் தொடை இடுக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நான்கு பேர். ஜூடோவில் உச்சிமாத்தா என்றொரு வீச்சு உண்டு. அந்த ஜப்பானியப் பெயருக்கே உள்தொடை என்றுதான் பொருள். ஒரு காலை ஊன்றி, மறுகாலை எதிராளியின் கால்களுக்கு நடுவே விட்டு வாரித் தூக்க வேண்டும். ஊன்றிய கால் வழுக்கினால், தொடைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சதை இறுகிய நிலையிலேயே இழுபட்டுக் கிழிகிறது. பெரும்பாலும் அடிபடுவது உள்தொடையில் இருக்கும் அடக்டர் லாங்கஸ் என்ற சதைதான்.

கத்திரி வெயிலில் ஒரு சாயங்காலம் மேட் முழுக்க வியர்வை. பையன் ஒருவன் வழுக்கி விழுந்தான். "சுளுக்குதான், ஓர் இழுப்பு இழுத்தா விட்டுடும்" என்று படுக்கவைத்து, விளக்கெண்ணெய் சுடவைத்து, அழுத்தி உருவி, காலை அகட்டி இழுத்தார்கள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டவன் நான்தான். மறுநாள் காலை தொடை முழங்கால் வரை கன்றிப்போயிருந்தது. பாகாயத்தில் 1966-லேயே, அடிபட்டவர்களை மறுபடி நடமாட வைக்கும் மறுவாழ்வு சிகிச்சைக்கென்று நிலையம் வந்த ஊர் நம் வேலூர். நாம் விளக்கெண்ணெயிலேயே நிற்கிறோம்.

அப்புறம் அவனைப் பார்த்த பிசியோ எங்களை உட்காரவைத்துப் பேசினார். புதுக் காயத்தில் உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். அதைப் போட்டு அழுத்தினால் கசிவு கூடும், சில சமயம் சதைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடும். முதல் சில நாள் ஐஸ், கட்டு, வலி தாங்கும் அளவுக்கு நடை, அவ்வளவுதான். வளரும் பிள்ளைகளுக்குத் தசைநார் எலும்புத் துணுக்கையே பெயர்த்துவிடலாம், இடுப்பு மூட்டிலேயே கோளாறு இருக்கலாம். அதனால் நொண்டுகிற பிள்ளைக்கு முதலில் எக்ஸ்ரே.

அப்படியானால் கை வைத்தியமே வேண்டாமா? வேண்டும், நேரம் பார்த்து. மாதக்கணக்காக விடாத வலிக்கு ஹாலந்தில் ஒரு முறை இருக்கிறது. முதலில் சூடு கொடுத்துச் சதையை இளக்கி, ஒரு கையால் உள்தொடைச் சதையைப் பிடித்தபடி மறுகையால் காலை மெல்ல மடக்கி, அகட்டி, நீட்டுகிறார்கள். 2011-ல் வெளியான ஆய்வில் இப்படிச் சிகிச்சை பெற்றவர்கள் சராசரி 12.8 வாரத்தில் களத்துக்குத் திரும்பினார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17.3 வாரம். ஆனால் முழுசாகத் தேறியவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய பாதிதான். 1999-ல் டென்மார்க்கில் 68 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு இன்னும் கறார்: பயிற்சி செய்தவர்களில் 23 பேர் வலியில்லாமல் ஆட்டத்துக்குத் திரும்ப, மசாஜும் மின்சிகிச்சையுமாகப் படுத்திருந்தவர்களில் 4 பேர்தான். இவர்களில் பெரும்பாலோர் கால்பந்துக்காரர்கள், நம் பிள்ளைகள் அல்ல. இருந்தாலும் எனக்குப் புரிந்தது இதுதான்: கை வழி திறந்துவிடும், சதையைக் கட்டுவது பயிற்சி.

பையன் இப்போது மல்லாந்து படுத்து முழங்கால்களுக்கு நடுவே வாலிபாலை வைத்து அழுத்துகிறான். முதல் வாரம் பந்தைத் தொட்டாலே முகம் சுளித்தான். இப்போது பந்து பிதுங்குகிறது. அடுத்தது கோபன்ஹேகன் பயிற்சி: பக்கவாட்டில் படுத்து, மேல்காலைக் கூட்டாளி பிடிக்க, உடம்பைத் தூக்குவது. 2019-ல் வந்த நார்வே ஆய்வில் இதைச் செய்த கால்பந்து வீரர்களுக்குக் கவட்டைத் தொல்லை 41 சதவீதம் குறைவு. 2014-லும் 2018-லும் பளுதூக்குதலில் காமன்வெல்த் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கத்தின் சத்துவாச்சாரிக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் பிள்ளைகளுக்கு பார்பெல் என்றால் உயிர். இந்தக் கோபன்ஹேகன் பயிற்சியைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இனி வாரம் இரண்டு முறை கட்டாயம்.

செயற்குழு முடிவுகள்: அடிபட்ட அன்று யாரும் உருவக் கூடாது. பிறகு சிகிச்சை என்றாலும், இடம் அப்படிப்பட்டது. பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால்தான், வீட்டார் ஒருவர் கூட இருக்க, திரை போட்டு. பெண் பிள்ளைகளுக்குப் பெண் பிசியோ மட்டும். இதை எழுதும்போது இரண்டு பெரியவர்களுக்கு வருத்தம். சரி, இருக்கட்டும்.

மேட் துடைக்கும் முறை வாரப்படி எழுதி ஒட்டியிருக்கிறது. இன்னொன்று, வாங்கிய இரண்டு வாலிபாலில் ஒன்றை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து வைக்கவும்.

செயலாளர்