ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் வேண்டும், பாப்பா

ஏகாம்பரகுப்பம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை, மாடிப்படி ஏறி இறங்குகிறாள். இன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. தெருவில் ஒரு தறியும் ஓடாததால் நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடிகிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் கடிதம்.

நீ அனுப்பிய டாங்கிப் படங்களை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இவ ஜெர்மனியில இருந்துகிட்டு எந்த ராணுவ முகாமுக்குள்ள போயி போட்டோ எடுத்தா?" என்று என்னைக் கேட்டாள். 35-ல் ஒரு பங்கு அளவு, மேஜைமேல் வைத்துச் செய்தது என்று சொன்னபோது நம்பவில்லை. உனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது. இழைப்பு வேலை சுத்தம், ஒட்டு எங்கேயும் தெரியவில்லை. ஆவடியில் கட்டிய அஜேயா டி-72 என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். புகைக்கரியை இடது பக்கம் மட்டும் வைத்தாயே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. டி-72-க்குப் புகைபோக்கி அந்தப் பக்கம்தான்.

ஆனால் துரு அதிகம், கண்ணு. ட்ராக், அதான் சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற இரும்புப் பட்டை, முழுக்க ஒரே ஆரஞ்சு. ஓடுகிற டாங்கியின் ட்ராக்கில் அப்படித் துரு நிற்காது. மண்ணில் தேய்கிற முகமும், சக்கரம் உரசுகிற உள்பக்கமும், பின்னால் இருக்கிற பல்சக்கரத்தின் பற்களும் வெள்ளி போலப் பளபளக்கும். மற்ற இடமெல்லாம் அது ஓடுகிற ஊரின் மண் நிறம். மழையில் பல மாதம் சும்மா நின்ற டாங்கிக்குத்தான் நீ அடித்த ஆரஞ்சு வரும். அப்படி நின்ற டாங்கியில் புகைக்கரி அவ்வளவு புதிதாகவும் சக்கரத்தில் ஈரச்சேறும் எப்படி இருக்கும்? ஓடுகிறதா, நிற்கிறதா என்பதை முதலில் முடிவு செய்துகொள். அப்புறம் பிரஷ்ஷை எடு. பெயிண்ட் பெயர்ந்த இடங்களுக்கும் இதே கணக்குதான். ஆள் ஏறி இறங்குகிற விளிம்பு, மூடி திறந்து மூடுகிற ஓரம், பூட்ஸ் படுகிற இடம், இவற்றில் பெயரும். யார் காலும் கையும் படாத இடத்தில் ஏன் பெயர வேண்டும்?

நான் இத்தனை வருஷம் போர்டு எழுதியவன். கடை போர்டு வெயிலில் எப்படிக் கிழடாகிறது என்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தவன். மேற்குச் சுவரில் இருக்கிற போர்டும் தாழ்வாரத்துக்குள் இருக்கிற போர்டும் ஒரே மாதிரி வெளுப்பதில்லை. முதலில் சிவப்பு போகும். கறுப்பு கடைசிவரை நிற்கும். ஆணி அடித்த இடத்துக்குக் கீழே மட்டும் துரு ஒழுகி இறங்கும். எந்த அழுக்கையும் பார்த்து, இது வெயிலால் வந்ததா, மழையால் வந்ததா, கைபட்டு வந்ததா என்று சொல்லிவிடலாம். நீ செய்கிற மாடலிலும் அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு கறையும் பதில் சொல்ல வேண்டும்.

சரி, அடுத்த மாடல் டியூ-142, நம் கடற்படையிலிருந்த அந்தப் பெரிய விமானம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை.

உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. அரக்கோணம் பஜாரில் எனக்கு வேலை இருக்கும்போது உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே இருக்கிற ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து அது கிளம்பினால் முதலில் சத்தம்தான் வரும். கடைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார், அது போன பிறகு மிச்சத்தைச் சொல்வார். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15,000 குதிரைத்திறன். ஒவ்வொரு எஞ்சினுக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு புரொப்பெல்லர், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும். அதனால்தான் அந்த உறுமல். நீ என் ஏணியின் கீழ்ப்படியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே பார்ப்பாய்.

அந்த ஓடுதளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உண்டானது. பிறகு கடற்படை அதை 4 கிலோமீட்டருக்கும் மேல் நீட்டி, 1992-ல் ராஜாளி என்று பெயர் வைத்துத் திறந்தது. டியூ-142 நம் நாட்டுக்கு 1988-ல் வந்து, கோவாவில் இருந்துவிட்டு, அப்புறம் இங்கே குடிவந்தது. மொத்தம் 8 விமானம். 2017 மார்ச் 29-ல் ஓய்வு கொடுத்தார்கள். இப்போது அதன் இடத்தில் ‘பி-8ஐ’ என்கிற விமானம் பறக்கிறது. நல்ல விமானம்தான், சத்தமே இல்லாமல் போய்விடுகிறது.

போன வருஷம் சித்தப்பாவோடு விசாகப்பட்டினம் போனபோது, கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கும் டியூ-142-ஐ இறக்கைக்கு அடியில் நின்று பார்த்தேன். அதிலிருந்து உனக்குச் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில், தகடு சேரும் கோடுகள். பத்தடி தள்ளி நின்றால் பெரும்பாலும் தெரியவே இல்லை. அடிக்கடி கழற்றி மாட்டிய மூடிகளின் ஓரம் மட்டும் கறுத்திருந்தது. உன் கிட், அதாவது பாகங்கள் வரும் பெட்டி, 144-ல் ஒரு பங்கு அளவு. அதில் கோடு 0.1 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டியிருந்தால், நிஜத்தில் அது 14 மில்லிமீட்டருக்கு மேல். விரல் நுழையும் இடைவெளி! அப்படிக் கூட்டில் இடைவெளி விட்ட விமானம் பறக்குமா? ஆகவே கோட்டுக்குள் கறுப்பு வாஷ், அந்தத் தண்ணி பெயிண்டை, விடாதே. அடி நிறத்தைவிட ஒரு படி அழுத்தமான சாம்பல் போதும். அதுவும் இறக்கையின் அசையும் பாகங்களின் இடைவெளியில் கொஞ்சம் அழுத்தம், மற்ற இடத்தில் பட்டும் படாமலும்.

அடுத்தது நிறம். கடல்மேல் பறக்கிற விமானத்துக்கு உப்புதான் எதிரி. கடற்படை விமானங்களைக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். அரிப்பு தொடங்கிய இடத்தைச் சுரண்டி அங்கே மட்டும் புதுப் பெயிண்ட் வைப்பார்கள். அப்படியென்றால் உன் விமானத்துக்கு வேண்டியது அழுக்கு இல்லை, திட்டுத் திட்டான சாம்பல்தான். அடித்த சாம்பலிலேயே ஒரு துளி வெள்ளை சேர்த்து, தின்னர் நிறைய விட்டுத் தண்ணியாக்கி, ஒழுங்கில்லாத வடிவில் சில இடம். இன்னும் சில இடத்தில் கொஞ்சம் நீலம் கலந்த சாம்பல். மூன்றடி தள்ளி நின்று பார்க்கும்போது திட்டு தெரியக்கூடாது, ஆனால் ஒரே நிறம் என்றும் தோன்றக்கூடாது. அந்த இடத்தில் கையை நிறுத்து. நிறுத்துவதுதான் இந்த வேலையில் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

எஞ்சின் புகை இறக்கையின் அடிப்பக்கம் போகும். அங்கே கரி வைக்கலாம். காற்று போகிற திசையிலேயே இழு, தொடங்கும் இடத்தில் அடர்த்தி, போகப்போகக் கரைந்துவிடட்டும். மேல்பக்கம் சுத்தமாக இருக்கட்டும்.

ஒட்டுவதற்கு முன்னால் மூக்கில் ஈயம் வைக்க மறக்காதே. மூன்று கால் வண்டி, உடம்பு நீளம், வால் பக்கம் கனம். கூட்டை மூடிய பிறகு நினைவு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக்குண்டு அங்கேயும் கிடைக்குமே. சக்கரத்தின்மேல் கூட்டை நிறுத்திப் பார்த்து, முன்சக்கரம் அழுத்தி நிற்கிறதா என்று பார்த்த பிறகே பசை போடு.

புரொப்பெல்லரில் பொறுமை வேண்டும். எட்டு புரொப்பெல்லர், ஒன்றுக்கு நான்கு இலை, ஆக 32 இலை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அச்சுக்கோடு இருக்கும். முன்னது ஒரு திசைக்கு முறுக்கியிருக்கும், பின்னது எதிர்த்திசைக்கு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிக் கலந்துவிடாதே. பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் கம்பியிலிருந்து வெட்டும்போதே முன், பின் என்று எழுதி இரண்டு டப்பாவில் போட்டு வை. இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் பட்டி வைத்து, வாட்டர் பேப்பர் 400, 600, 1000 என்று ஏறிப் போ. தேய்த்த பிறகு பிரைமர் ஒரு கை அடித்துப் பார். பள்ளம் இருந்தால் பிரைமர்தான் காட்டிக்கொடுக்கும்.

வால் உச்சியில் பின்னோக்கி நீளும் தண்டு நம் விமானத்தில் உண்டு. நீருக்கடியில் நீர்மூழ்கிக் கப்பல் இருந்தால் அந்த இடத்துக் காந்தப்புலம் லேசாக மாறும், அதைக் கண்டுபிடிக்கிற கருவி அதற்குள் இருக்கிறது. பெட்டியில் வேறு வகை விமானம் வந்திருந்தால் இந்தத் தண்டு இருக்காது. ஊசியைச் சூடாக்கி ஓட்டை போட்டு, மெல்லிய கம்பியை நட்டு, மேலே பட்டி பூசி உருட்டிக்கொள். அந்த விமானம் பிறந்ததே இந்த வேலைக்காக. ஒருமுறை கிளம்பினால் பத்து மணி நேரத்துக்கும் மேல் கடலைத் தேடிக்கொண்டே வானத்தில் இருக்கக்கூடியது. அந்தத் தண்டை விட்டுவிட்டால் நம்முடையது என்று சொல்ல மாட்டேன்.

டீக்கல், அதாவது குறிகளும் எழுத்தும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம், ஒட்டுவதற்கு முன்னால் பளபளப்பு வார்னிஷ் அடித்துவிடு. சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளையாக மினுக்கும், பிறகு போகவே போகாது. ஒட்டி, காய்ந்து, எல்லாம் முடிந்த பிறகு மேலே மேட் வார்னிஷ். நம் நாட்டு வட்டக் குறியில் இருக்கும் காவியும் பச்சையும் டீக்கலில் புத்தம் புதிதாக இருக்கும். நம் ஊர் வெயிலில் நின்ற விமானத்துக்கு அது பொருந்தாது. உடம்பு நிறத்தையே நன்றாகத் தண்ணியாக்கி அதன்மேல் ஒரு மூச்சு விட்டால் அடங்கிவிடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குளிர் என்று ஜன்னலை மூடிக்கொண்டு லாக்கர் பெயிண்ட் அடிக்காதே. என்னோடு வேலை செய்தவர்களின் நெஞ்சு என்ன ஆனது என்று நான் பார்த்திருக்கிறேன். பெயிண்டுக்கென்று இருக்கிற ஃபில்டர் வைத்த மாஸ்க் வாங்கு, துணி மாஸ்க் உதவாது. ஜன்னலைத் திற. ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அந்த விமானத்தின் நிஜ இறக்கை 50 மீட்டர். உன் மேஜைமேல் 35 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த அளவில் ஒரு ஆள் 12 மில்லிமீட்டர் உயரம்தான். முடிந்தால் ஒரு ஆளைச் செய்து சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்து. ஆள் நின்றால்தான் அதன் பெருசு தெரியும். அரக்கோணத்தில் அதைக் கழுவித் துடைத்து அனுப்பியவர்கள் பலர். அவர்களில் ஒருவராவது அங்கே நிற்கட்டும்.

உடம்பில் வருகிற NAVY என்ற இங்கிலீஷ் எழுத்தை டீக்கலில் ஒட்டாமல் ஸ்டென்சில் வைத்து அடித்தால் எழுத்தின் ஓரம் இன்னும் சுத்தமாக வரும். எழுத்து வேலையை என்னிடம் விடு. டீக்கல் தாளில் அந்த எழுத்தின் உயரம் எத்தனை மில்லிமீட்டர், நான்கும் சேர்ந்து அகலம் எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்து போட்டோ அனுப்பு. நான் பத்து மடங்கு பெரிதாக வரைந்து தருகிறேன், நீ கம்ப்யூட்டரில் சுருக்கிக்கொள். அம்மா அனுப்பும் பருப்புப்பொடிப் பார்சலிலேயே அந்தத் தாளையும் வைத்துவிடுகிறேன். அடுத்த வாரம் பார்சல் போடுகிறாள், அதனால் அளவை புதன்கிழமைக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் நைனா