வாரம் மூன்று காலை மட்டும் கேட்டைத் திறந்துவிடுங்கள்

எங்கள் ஊர் விளையாட்டுத் திடல் நிர்வாகக் குழுவினருக்கு, மொரீஷியஸ்.

வணக்கம். பிரெஞ்சில் இரண்டு கடிதம் கொடுத்துவிட்டேன், இரண்டு வரியில் பதில் வந்தது. உங்களில் பாதிப்பேர் தைப்பூசத்தன்று என் பக்கத்தில் நின்று காவடி தூக்குகிறவர்கள், அதனால் இந்த முறை நம் மொழியிலேயே எழுதுகிறேன்.

ஏப்ரல் முதல் எங்கள் குத்துச்சண்டைப் பிள்ளைகளுக்கு ஓடுதளம் இல்லை. ஏன் என்பது உங்களுக்கே தெரியும், மறுபடி அந்தக் கதைக்குள் போக வேண்டாம். செவ்வாய், வியாழன், சனி, காலை 5 மணியிலிருந்து ஆறரை வரை கேட் திறந்திருக்க வேண்டும், ஒரு பக்க விளக்காவது எரிய வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். திடல் பூட்டியிருப்பதால் கரும்புத் தோட்டத்து ஓரச் சாலையில்தான் ஓடுகிறோம். ஜூலையில் நம் தீவில் சூரியன் வர ஆறே முக்கால் ஆகிறது, கரும்பு வெட்டு தொடங்கிவிட்டதால் லாரிகள் அதற்கு முன்பே வரத் தொடங்கிவிடும். கையில் போன் டார்ச்சோடு நான் ஒரு முனையில், இன்னொரு பையன் மறு முனையில். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, எங்களிடம் இருப்பவர்களிலேயே வேகமான கால் அவளுக்குத்தான், மூன்றாவது ஓட்டத்தில் எதிரே லாரி வெளிச்சம் வந்ததும் ஓரம் ஒதுங்கினாள், சாக்கடை மூடி இல்லாத இடத்தில் கால் உள்ளே போய்விட்டது. நான் ஓடிப் போய்த் தூக்கும்போது கணுக்கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. அவள் அழவில்லை. "மாமா, இன்னும் ஒரு ஓட்டம் பாக்கி இருக்கே, அது கணக்குல வராதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இந்தப் பருவப் போட்டி அவளுக்கு இல்லை.

இதற்கு உங்கள் பதில் "குத்துச்சண்டைக்காரர்களுக்கு ஓடுதளம் எதற்கு, சாலையில் மெதுவாக ஓடலாமே, கயிறு ஆடலாமே" என்பது. கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் தெரியாமல் சொல்லியிருப்பீர்கள் என்றே எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

ரிங்கில் ஒரு ரவுண்டு 3 நிமிடம், நடுவில் 1 நிமிட ஓய்வு, மொத்தம் மூன்று ரவுண்டு. அந்த மூன்று நிமிடமும் ஒரே சீராகப் போகாது. பாய்ந்து ஐந்தாறு குத்து, விலகல், ஒரு மூச்சு, மறுபடி பாய்ச்சல். முக்கால் மணி நேரம் ஒரே வேகத்தில் ஓடுவதால் இதயத்துக்கு அடித்தளம் கிடைக்கும், அதையும் செய்கிறோம், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் ட்ரூ ஓ ஸெர் எரிமலைவாயைச் சுற்றியும் ஓடுகிறோம். ஆனால் மூன்றாவது ரவுண்டில் கை கீழே இறங்காமல் இருக்க, மூச்சு முட்டும் வரை ஓடி, முழுதாகத் தெளிவதற்குள் மறுபடி ஓடும் பழக்கம் உடம்புக்கு வேண்டும். அதனால்தான் செவ்வாயன்று 800 மீட்டர், அதாவது உங்கள் ஓடுதளத்தில் சரியாக இரண்டு சுற்று. அதை மூன்று நிமிடத்துக்குள் முடித்து, ஒரு நிமிடம் நின்று, மறுபடி, மொத்தம் மூன்று தடவை. ஒரு சண்டையின் அளவு அது. வியாழன் 400 மீட்டர் ஆறு. சனியன்று நூறு மீட்டர் முழு வேகத்தில் பத்து, திரும்பி வருவது நடந்தே. நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுகிறோம், இல்லையென்றால் தொடையின் பின்தசை கிழியக்கூடும். ஓடும் முன் கால் மணி நேரம் உடம்பைச் சூடாக்கவும் வேண்டும், லாரி போகும் சாலையில் அதை எங்கே செய்வது?

அப்புறம், யூடியூபில் வரும் நாலு நிமிடப் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாமே என்றும் ஒருவர் சொன்னார். 20 விநாடி வேலை, 10 விநாடி ஓய்வு. ஜப்பானில் இசுமி தபாட்டா குழுவினர் 1996-இல் அதைப் பற்றி எழுதினார்கள், சரி. ஆனால் அவர்கள் நிலையான சைக்கிளில், எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அளந்து அளந்து செய்தார்கள். அளவு இருந்ததால்தான் முன்னேற்றம் தெரிந்தது. எங்களுக்கு அந்த அளவு உங்கள் ஓடுதளம்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம் பார்ப்பேன். ஒரு நிமிடம் கழித்துக் கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி நாடியை எண்ணி, நாலால் பெருக்கி நோட்டில் எழுதுவோம். நாடி சீக்கிரம் இறங்கினால் பிள்ளை தேறுகிறான் என்று அர்த்தம். அந்த நோட்டு ஏப்ரலிலிருந்து காலியாகக் கிடக்கிறது. லாரிக்காக ஒதுங்கி நின்ற ஓட்டத்துக்கு நான் என்ன நேரம் எழுதுவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2008 பெய்ஜிங்கில் புரூனோ ஜூலி வெண்கலம் வாங்கினார், நம் நாட்டுக்கு வந்த முதல் ஒலிம்பிக் பதக்கம், அதுவும் குத்துச்சண்டையில். சுதந்திர தினமான மார்ச் 12 வந்தால் நம் ஊர் மேடையில் அந்தப் பெயரைச் சொல்லாதவர் இல்லை. மேடையில் கை தட்டுகிறவர்களே பிள்ளைகள் கேட்டில் நிற்கும்போது "நேரம் ஒதுக்க முடியாது" என்கிறார்கள். நடைப் பயிற்சிக்காரர்களுக்கு இடம் இருக்கிறது, கால்பந்துக் குழுவுக்கு இருக்கிறது. இருக்கட்டும், அவர்களும் நம் மக்கள்தான். ஏழை வீட்டுப் பிள்ளைகள் கிளவுஸைக் கூட மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் இந்த ஆட்டத்துக்கு மட்டும் ஏன் எப்போதும் மிச்சம் மீதி? ஜிம் கூரை ஒழுகுகிறது என்று எழுதி மூன்று வருடம் ஆகிறது. சரி, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

என் கோபம் கொஞ்சம் எழுத்தில் ஏறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மரியாதையோடு மறுபடி கேட்கிறேன்: செவ்வாய், வியாழன், சனி, 5 மணி முதல் ஆறரை வரை. பன்னிரண்டு பிள்ளைகள், நடைக்காரர்கள் வெளித்தடத்தில் நடக்கட்டும், நாங்கள் உள்தடம் இரண்டில் ஓடிக்கொள்கிறோம். விளக்குக்கான மின்கட்டணத்தில் ஒரு பங்கை பெற்றோர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சாவியை நானே வந்து வாங்கி, கையெழுத்துப் போட்டு, ஆறரைக்குப் பூட்டித் திருப்பித் தருகிறேன். காவலாளி ஒரு நிமிடம் கூட முன்னால் எழ வேண்டாம்.

அந்தப் பெண் இப்போது ஜிம் பெஞ்சில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்து மற்றவர்களுக்கு நேரம் பார்க்கிறாள். அவள் கால் ஊன்றுவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் பதில் சொல்லுங்கள்.

பணிவுடன்,
பிள்ளைகளின் பயிற்சியாளர்